குழியில் எழுந்த காடு

உரைநடை உலகம்

நுழையும்முன்

நிலம் தானாக வறள்வதுமில்லை, தானாக மீள்வதுமில்லை. மழை பொய்த்தாலும், மரம் அழிந்தாலும், மண்ணின் மேற்பரப்பு இறுகினாலும் விளைநிலம் தரிசாகிறது. அந்நிலையில் பெரும்பொருளும் பெருங்கருவியும் இல்லாத சிறு உழவர் என்ன செய்ய இயலும்? மேற்கு ஆப்பிரிக்காவின் இரு நாடுகளில் வாழும் உழவர்கள் இவ்வினாவுக்குத் தம் கைகளாலேயே விடை எழுதினர். அவ்விடையையும், அதன் பின்னுள்ள அறிவியலையும், அது எதிர்கொள்ளும் இடர்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கரை என்னும் பெயருடைய நிலம்

சகாராப் பாலைவனத்தின் தென் எல்லையை ஒட்டி, மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல் முதல் கிழக்கே செங்கடல் வரை நீளும் வறண்ட நிலப்பகுதி சகேல் எனப்படும். அரபு மொழியில் இச்சொல்லுக்குக் கரை என்பது பொருள். மணற்கடலைக் கடந்து வந்த வணிகருக்கு முதலில் தென்பட்ட பசுமைக்கரை இதுவாதலின் இப்பெயர் பொருந்துவதே. இங்கு ஆண்டுக்கு ஒரே மழைக்காலம். அது மூன்று அல்லது நான்கு மாதங்களில் முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் புழுதிக்காற்றுமே ஆட்சி செய்யும்.

இந்நிலம் நமக்கு முற்றிலும் அயலானதன்று. நம் புன்செய் நிலங்களில் விளையும் கம்பு, மேற்கு ஆப்பிரிக்காவின் சகேல் பகுதியில் முதன்முதலில் பயிர் செய்யப்பட்டு, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியா வந்தடைந்த தானியம். சோளமும் தட்டைப்பயறும்கூட ஆப்பிரிக்க மண்ணில் தோன்றியவையே. நாம் கம்பங்கூழும் சோளச்சோறும் உண்ணும்போது, அந்நிலத்து உழவர்களின் தொன்மையான உழைப்பில் நமக்கும் பங்குண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பாலை என்பது தனித்த நிலம் அன்று. வளமுடைய நிலம் தன் இயல்பு திரிந்த நிலையே பாலை என்னும் கருத்து நம் தமிழ் மரபில் உண்டு. 1968 முதல் 1973 வரை சகேல் நாடுகளை வாட்டிய வறட்சியும், 1984ஆம் ஆண்டையொட்டி மீண்டும் வந்த வறட்சியும் இத்திரிபை அம்மக்களின் கண்முன்னே நிகழ்த்திக் காட்டின. கால்நடைகள் மடிந்தன, கிணறுகள் வற்றின, குடும்பங்கள் ஊரைவிட்டுத் தெற்கேயுள்ள கடலோர நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றன.

நிலம் ஏன் இறுகியது?

புர்க்கினா ஃபாசோ நாட்டின் வடபகுதியில் உள்ளது யாத்தெங்கா மாநிலம். இங்கு ஆண்டு மழையளவு ஏறத்தாழ 400 முதல் 700 மில்லிமீட்டர். இம்மழை சில நாள்களில் பெருந்தாரையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். மரமும் புல்லும் மூடியிருந்தவரை மழைத்துளியின் வேகத்தை இலைகள் தாங்கின. அவை அழிந்தபின் துளிகள் நேராக மண்ணைத் தாக்கின. நுண்மண் துகள்கள் சிதறி, மண்ணின் துளைகளை அடைத்து, மேற்பரப்பில் ஓடு போன்ற படலமாக இறுகின. அதன்மேல் விழுந்த நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடியது. ஓடும்போது எஞ்சியிருந்த வளமண்ணையும் அடித்துச் சென்றது. மழை பெய்தும் நிலம் நனையவில்லை. இவ்வாறு வெளுத்து இறுகிய தரிசை அப்பகுதியில் வாழும் மோசி இன மக்கள் சிபெல்லே என்பர்.

ஆகவே அங்குள்ள சிக்கல் மழைக்குறைவு மட்டுமன்று. பெய்த மழையை நிலம் ஏற்க மறுத்ததும் ஆகும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்களே தீர்வையும் கண்டனர்.

யாக்கூபா சவாதோகோ

யாத்தெங்காவின் கூர்கா என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் யாக்கூபா சவாதோகோ. 1946ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். இளமையில் அண்டை நாடான மாலியில் சமயப் பள்ளியில் பயின்றார். பின்னர்ச் சந்தையில் சிறுகடை வைத்திருந்தார். வறட்சியால் பலர் நிலத்தைக் கைவிட்டுச் சென்ற காலத்தில், 1980ஆம் ஆண்டையொட்டி, அவர் கடையைக் கைவிட்டு நிலத்துக்குத் திரும்பினார்.

அவர் கையிலெடுத்தது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஸாயி என்னும் குழிமுறை அப்பகுதியின் பழைய வழக்கம். இறுகிய நிலத்தில் சிறு குழிகள் தோண்டி விதைப்பது இதன் அடிப்படை. யாக்கூபா இம்முறையில் மூன்று மாற்றங்களைச் செய்தார். குழிகளை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டினார். ஒவ்வொரு குழியிலும் தொழுவுரமும் மக்கிய தழையும் இட்டார். மழை வந்தபின் தோண்டும் வழக்கத்தை விடுத்து, கோடையிலேயே தோண்டி, முதல் மழைக்கு முன்பே நிலத்தை அணியமாக வைத்தார்.

கோடையில் மண்ணைத் தோண்டுவது பருவத்தின் ஒழுங்கை மீறுவது என்று ஊரார் கருதினர். அவரைப் பித்தர் என்று எள்ளினர். அவர் வளர்த்த மரங்களுக்கு ஒருமுறை தீயும் வைத்தனர். அவர் சினந்து விலகவில்லை. குழி வெட்டுவதை நிறுத்தவும் இல்லை. சுற்றியிருந்த நிலங்கள் வெறுமையாய்க் கிடக்க, அவர் நிலத்தில் கம்பும் சோளமும் கதிர் பிடித்தபோது, எள்ளியவர்களே வந்து முறையைக் கேட்டறிந்தனர்.

குழியின் கணக்கு

ஒரு ஸாயிக் குழி பொதுவாக 20 முதல் 30 சென்டிமீட்டர் அகலமும், 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழமும் உடையது. குழிகளுக்கிடையே 60 முதல் 80 சென்டிமீட்டர் இடைவெளி விடுவர். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்புறத்தில் பிறைவடிவில் குவிப்பர். வழிந்துவரும் நீரை அது தடுத்துக் குழிக்குள் திருப்பும்.

இதன் ஆற்றலை எளிய கணக்கால் அறியலாம். 80 சென்டிமீட்டர் இடைவெளியில் தோண்டினால் ஒரு ஹெக்டேரில் 15,625 குழிகள் அமையும். 30 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் உடைய வட்டக்குழி ஏறத்தாழ 10 லிட்டர் நீரைக் கொள்ளும். எனில் ஒரு ஹெக்டேர் நிலம், ஒரு நல்ல மழையில் ஒன்றரை லட்சம் லிட்டர் நீரைத் தன்னிடத்தே நிறுத்திக்கொள்கிறது. அணை இல்லை, வாய்க்கால் இல்லை. உழவரின் மண்வெட்டியே அந்நீரைத் தேக்கியது.

நீரைத் தேக்குவதோடு குழியின் பணி முடிவதில்லை. அதிலிட்ட தொழுவுரம் கறையான்களை ஈர்க்கிறது. கறையான்கள் இறுகிய மண்ணுக்குள் நுண்ணிய வழிகளைத் துளைக்கின்றன. அவ்வழியே நீர் ஆழத்துக்கு இறங்குகிறது. நாம் பகையெனக் கருதும் உயிர் அங்கே கூலி வாங்காத உழவனாய்ப் பணிபுரிகிறது. எருவிலிருந்த மரவிதைகளும் பயிரோடு முளைத்தன. யாக்கூபா அவற்றைக் களையெனப் பிடுங்கவில்லை, காத்து வளர்த்தார். மேலும் பல விதைகளைத் தாமே திரட்டி விதைத்தார். அவ்வாறு எழுந்த காடு ஏறத்தாழ 40 ஹெக்டேர் பரப்பை எட்டியது. 60 இனங்களுக்கு மேற்பட்ட மரங்களும் செடிகளும் அதில் வளர்ந்தன.

ஒன்றும் விளையாத தரிசில், மழை குறைந்த ஆண்டிலும் ஹெக்டேருக்கு 300 முதல் 400 கிலோ தானியம் கிடைத்தது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் விளைச்சல் 1,000 கிலோவையும் கடந்தது. ஒரு குடும்பத்துக்கு இது ஊரில் தங்குவதற்கும் ஊரைவிட்டுப் பெயர்வதற்கும் இடையிலான வேறுபாடு.

கல்வரிசையும் தண்ணீர்க் குழாயும்

யாத்தெங்கா உழவர்களின் மற்றொரு முறை கல்வரப்பு. சரிவான நிலத்தில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துக் கற்களை வரிசையாக அடுக்குவர். ஓடிவரும் நீர் அங்கே வேகம் குறைந்து பரவுகிறது. வண்டலும் சருகும் விதைகளும் கற்களின் பின்னே தங்குகின்றன. ஆனால் நிலத்தின் சரிவு கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியது. வரிசை பிழையானால் நீர் ஒருபுறம் திரண்டு நிலத்தை அரித்துவிடும்.

ஆக்ஸ்ஃபாம் நிறுவனத்தின் துணையோடு, 1980களின் தொடக்கத்தில் இதற்கொரு எளிய கருவி பழக்கத்துக்கு வந்தது. ஒளி ஊடுருவும் நெகிழிக் குழாய் ஒன்றில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு கோல்களில் கட்டிப் பிடித்தால், இருபுறமும் நீர்மட்டம் ஒத்திருக்கும். நம் ஊரில் கட்டட வேலை செய்வோர் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் அதே தண்ணீர்க் குழாய்தான். எழுத்தறியாத உழவரும் குறுகிய பயிற்சியில் இதனைக் கற்றுக்கொண்டனர். விலையுயர்ந்த அளவைக் கருவிகள் செய்யும் பணியை மலிவான ஒரு குழாய் செய்தது.

மண்ணுக்குள் மறைந்திருந்த காடு

புர்க்கினா ஃபாசோவின் கிழக்கெல்லையில் அமைந்த நாடு நைஜர். அதன் தென்பகுதியிலுள்ள மராடியில் 1980களின் தொடக்கத்தில் மரக்கன்று நடும் பணியில் ஈடுபட்டிருந்தார் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வேளாண் அறிஞர் டோனி ரினௌடோ. நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை வெயிலாலும் கால்நடைகளாலும் அழிந்தன.

1983ஆம் ஆண்டில் ஒருநாள், பயனற்ற புதர் என்று எண்ணியிருந்த செடியொன்றை அவர் உற்றுநோக்கினார். அது புதரன்று, முன்னர் வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது. மரம் வெட்டப்பட்டாலும் வேர் உயிரோடிருந்தது. வயலெங்கும் இத்தகைய கட்டைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. உழவர்கள் ஆண்டுதோறும் விதைப்புக்கு முன் அத்துளிர்களை வெட்டி எரித்துக்கொண்டிருந்தனர். காடு அழிந்துவிடவில்லை, மண்ணுக்கடியில் காத்திருந்தது.

இதன்பின் உழவர்கள் செய்தது மிக எளிய செயல். ஒவ்வொரு கட்டையிலும் வலுவான சில துளிர்களை மட்டும் விட்டுவிட்டு, ஏனையவற்றைக் கழித்தனர். விட்டவற்றின் கீழ்ப்பக்கக் கிளைகளையும் கவ்வாத்துச் செய்தனர். ஏற்கெனவே ஆழ வேரூன்றிய மரமாதலின் அது நீர் ஊற்றாமலே விரைந்து வளர்ந்தது. கன்றுக்கான செலவும் இல்லை, நாற்றங்காலும் தேவையில்லை. கழித்த கிளைகள் விறகாயின. இலைகள் ஆடுமாடுகளுக்குத் தீவனமாயின.

வயலில் மரம் நின்றதால் புழுதிக்காற்றின் வேகம் தணிந்தது. முன்பு இளம்பயிரை மணற்காற்று மூடிவிட, ஒரே பருவத்தில் பலமுறை மறுவிதைப்புச் செய்த உழவர்கள், பின்னர் ஒருமுறை விதைத்தாலே போதும் என்ற நிலையை அடைந்தனர்.

தெரிந்து தெளிவோம்

ஹவுசா மொழியில் காவோ எனப்படும் மரம் சகேல் உழவர்களின் உற்ற தோழன். ஏனைய மரங்கள் கோடையில் இலையுதிர்க்க, இது மழைக்காலத்தில் இலையுதிர்த்து, கோடையில் தழைக்கும். ஆதலால் பயிர்க்காலத்தில் ஒளியை மறைப்பதில்லை. உதிர்ந்த இலை உரமாகிறது. கோடையிலோ கால்நடைகளுக்கு நிழலும் தீவனமும் தருகிறது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலின் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் இயல்பும் இதற்கு உண்டு.

மரம் யாருக்கு உரியது?

அறிவு மட்டும் போதுமாயின் இம்மாற்றம் முன்பே நிகழ்ந்திருக்கும். நைஜரில் குடியேற்ற ஆட்சிக்காலச் சட்டமரபின்படி, உழவரின் வயலில் நின்றாலும் மரம் அரசுக்கே உரியது. அதனை வெட்டினால் தண்டம் விதிக்கப்படும். தமக்கு உரிமையில்லாத மரத்தை யார் காப்பர்? அது பெரிதாகி வில்லங்கமாகும் முன்பே துளிரில் வெட்டிவிடுவது உழவருக்கு எளிதாக இருந்தது. காட்டைக் காக்க எழுந்த சட்டமே காடு அழியவும் காரணமாயிற்று.

1980களின் நடுப்பகுதியில் இவ்விதிகளின் பிடி தளர்ந்தது. தம் வயலில் தாம் வளர்க்கும் மரத்தின் பயன் தமக்கே கிடைக்கும் என்னும் நம்பிக்கை பிறந்தபின், மரங்கள் ஊர்விட்டு ஊர் பரவின. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் 20 கோடி மரங்கள் தழைத்தன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. செயற்கைக்கோள் படங்களும் நிலப்படங்களும் இப்பசுமையை உறுதிசெய்தன. இவை அரசு நட்ட மரங்களல்ல. உழவர்கள் வெட்டாமல் விட்ட மரங்கள்.

உழவரிடமிருந்து உழவருக்கு

இவ்வறிவு பரவிய வழியும் கருதத்தக்கது. யாக்கூபா 1984 முதல் தம் நிலத்தில் ஆண்டுக்கு இருமுறை சந்தை நாள் நடத்தினார். பல ஊர் உழவர்கள் தத்தம் விதைகளோடு வந்தனர், விதைகளை மாற்றிக்கொண்டனர், குழி வெட்டும் முறையை நேரில் கண்டு திரும்பினர். 1989ஆம் ஆண்டில் நைஜரின் இல்லேலா பகுதி உழவர்கள் 13 பேர் யாத்தெங்காவுக்கு வந்து ஸாயி முறையைக் கண்டனர். ஊர் திரும்பித் தம் நிலத்தில் செய்து பார்த்தனர். அவர்கள் நாட்டில் அது தஸ்ஸா என்னும் பெயரில் பரவியது. ஓர் உழவர் சொல்லை மற்றோர் உழவர் நம்புவதற்கு, கண்ணெதிரே விளைந்து நிற்கும் கதிரைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

யாக்கூபா, ரினௌடோ இருவரும் 2018ஆம் ஆண்டுக்கான வாழ்வுரிமை விருதினைப் பெற்றோருள் அடங்குவர். 2020ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு யாக்கூபாவுக்குப் புவியின் காவலர் என்னும் சிறப்பினை வழங்கியது. 2023 டிசம்பரில் அவர் மறைந்தார்.

எஞ்சி நிற்கும் இடர்கள்

இம்முறைகளைப் போற்றும்போது அவற்றின் எல்லைகளையும் மறைத்தலாகாது. ஒரு ஹெக்டேரில் ஸாயிக் குழிகள் வெட்ட ஒருவருக்கு ஏறத்தாழ 300 மணிநேர உழைப்பு வேண்டும். கடுங்கோடையில் அவ்வுழைப்பு எளிதன்று. ஆள்வலிமை இல்லாத குடும்பங்களும், தனித்து உழைக்கும் பெண்களும் பிறர் துணையின்றி இதனைச் செய்தல் கடினம். கால்நடை இல்லாதவருக்கு எருவும் கிடைப்பதில்லை. மழை மிகுந்த இடங்களில் குழியில் நீர் தேங்கிப் பயிர் அழுகும். தளர்ந்த மணற்பாங்கில் குழி நிலைக்காது.

நிலவுரிமை மற்றோர் இடர். யாக்கூபா காடாக்கிய நிலம், அருகிலுள்ள வாகிகூயா நகரம் விரிவடைந்தபோது மனைப்பிரிவுகளுக்குள் அகப்பட்டது. தாம் வளர்த்த காட்டின் ஒரு பகுதி வீட்டுமனைகளாவதை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார். தரிசாய்க் கிடந்தபோது எவரும் கேளாத நிலம், வளம் பெற்றபின் பலர் கேட்கும் நிலமாயிற்று. நிலத்தை மீட்பவருக்கு அந்நிலத்தின்மீது உறுதியான உரிமை இல்லையேல், அவரது உழைப்புக்குக் காப்பில்லை.

அண்மை ஆண்டுகளில் புர்க்கினா ஃபாசோவில் பெருகிய ஆயுத வன்முறையால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தனர். குழி வெட்டத் தெரிந்த கைகள் வயலுக்குச் செல்ல இயலாத நிலையும் உண்டு. மண்ணுக்கு நீர் எவ்வளவு தேவையோ, உழவுக்கு அமைதியும் அவ்வளவு தேவை.

நாம் பெறும் பாடம்

புவி வெப்பமடைவதால் மழைநாள்கள் நிலையற்றுப்போவதும், பெய்யும் மழை பெருந்தாரையாய்க் கொட்டுவதும், இரு மழைகளுக்கிடையே வறண்ட இடைவெளி நீள்வதும் உலகின் பல பகுதிகளில் காணப்படுகின்றன. இவ்வெப்பத்துக்குக் காரணமான புகையில் சகேல் உழவரின் பங்கு மிகமிகச் சிறிது. அவர் சுமக்கும் துன்பமோ பெரிது. ஆதலால் அவருக்குத் துணைநிற்பது இரக்கத்தால் செய்யும் உதவி அன்று. உலகம் செலுத்த வேண்டிய கடன்.

அத்துணை எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது. உழவரிடம் ஏற்கெனவே உள்ள அறிவை மதித்தல், சிறு செலவில் இயலும் கருவியை அளித்தல், உழவர் உழவரைச் சந்திக்க வழிசெய்தல், மரத்துக்கும் நிலத்துக்கும் உரிமையை உறுதிசெய்தல் ஆகிய நான்கும் கூடிய இடத்தில் நிலம் மீண்டது. வளமான நிலம் திரிந்து பாலையாகலாம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அப்பாலை மீண்டும் வளம்பெறவும் கூடும் என்பதை மண்வெட்டி ஏந்திய உழவர்கள் நம் காலத்தில் மெய்ப்பித்துள்ளனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் மானாவாரி வேளாண்மை செய்யும் மூத்த உழவர் ஒருவரைச் சந்தித்து, மழைநீரை நிலத்தில் நிறுத்த அவர் கையாளும் முறைகளைக் கேட்டறிந்து தொகுக்க.
2. ஒரு மீட்டர் இடைவெளியில் குழிகள் அமைத்தால் ஒரு ஹெக்டேரில் எத்தனை குழிகள் அமையும்? அவை ஏறத்தாழ எவ்வளவு நீரைத் தேக்கும்? கணக்கிட்டு வகுப்பறையில் விளக்குக.
3. பள்ளி வளாகத்திலோ வீட்டருகிலோ வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டை துளிர்த்துள்ளதா எனக் கண்டு, அதன் வளர்ச்சியை மூன்று மாதம் குறித்து வருக.

மதிப்பீடு

குறுவினா
1. சகேல் என்னும் சொல்லின் பொருள் யாது? அப்பெயர் எவ்வாறு பொருந்துகிறது?
2. ஸாயி முறையில் கறையான்களின் பங்கு யாது?
3. காவோ மரம் பயிருக்கு இடையூறு செய்யாமைக்குக் காரணம் என்ன?

சிறுவினா
1. மழை பெய்தும் நிலம் நனையாமைக்கான காரணங்களை விளக்குக.
2. யாக்கூபா சவாதோகோ பழைய குழிமுறையில் செய்த மாற்றங்களைச் சுட்டுக.
3. 'காட்டைக் காக்க எழுந்த சட்டமே காடு அழியவும் காரணமாயிற்று' – விளக்கம் தருக.

நெடுவினா
1. நிலத்தை மீட்பதற்கு உழவரின் உழைப்பு, பாரம்பரிய அறிவு, நிலவுரிமை ஆகிய மூன்றும் எவ்வாறு இன்றியமையாதன என்பதைப் பாடப்பகுதிவழி நிறுவுக.